ஆய்வுக்கு வாப்பா சொன்ன சுகம்

நிந்தவூரில் வயல் வரம்பில் வழுக்கி விழுந்து வாப்பாவின் இடுப்பு முறிந்தது. செயற்கை மூட்டு வைத்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆட்கள் எப்படி இருக்கிறார்கள், யாருக்குப் புண் பழுதாகிறது, ஏன் பழுதாகிறது என்று அறிய ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அதில் சேரச் சம்மதமா என்று கேட்டதும் வாப்பா பெருமையோடு கையெழுத்து வைத்தார்.

கிளினிக் போன நாட்களில் புண் காய்ந்துதான் இருந்தது. அதன் பிறகு மாதாமாதம் ஆய்வுக்காக ஒரு தாதி போன் எடுப்பாள். எங்களுக்கு அவள் மிஸ்ஸி. ஆலையடிவேம்புத் தமிழ்ப் பிள்ளை, மரியாதையாகக் கதைப்பாள்.

“நோவு இருக்கா வாப்பா? காய்ச்சல் கீய்ச்சல்? புண்ணால ஏதும் வடியுதா?”

“அல்ஹம்துலில்லாஹ். நல்ல சுகம் மகள். உங்கட வீட்டில எல்லாரும் சுகமா?”

எங்கள் ஊரில் சுகம் கேட்டால் அல்லாஹ்வைப் புகழ்வதைத் தவிர வேறு பதிலே கிடையாது. உயிர் பிரியும் சக்கராத்தில் கிடப்பவரும் முதலில் அதைத்தான் சொல்வார். இல்லாவிட்டால் படைத்தவனைக் குறை சொன்னதாகிவிடும் என்று பயம். மிஸ்ஸியும் அதைப் பதிலாகவே எடுத்துக்கொண்டாள். வேறெப்படி எடுப்பாள்?

அந்த நாட்களில் வாப்பா அத்தர் அதிகமாகப் பூசினார். “என்ன வாப்பா, புதுமாப்பிள்ள மாதிரி?” என்று நான் பகிடி விட்டேன். அவரும் சிரித்தார். தான் உடுத்த சாரனை யாரையும் தோய்க்க விடவில்லை. அப்போதும் எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குக் கதிரையில் உட்காரப் போனவருக்குக் கால் நடுங்கியது. இடுப்பைத் தாங்கிப் பிடித்த என் கையில் ஈரம் பட்டது. சீழ்.

“எப்ப இருந்து இப்பிடி?”

“கத்தாத புள்ள. அந்த டாக்டர்மார் நல்லாத்தானே செஞ்சாங்க. நான் நோகுது எண்டு சொன்னா அவங்கட ஆய்வு பழுதாப் போகுமே.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பழுதானதைச் சொல்லத்தான் ஆய்வு என்று கத்தினேன். அழுதுகொண்டே போய் ஓட்டோ பிடித்தேன்.

கிருமி எலும்புக்குப் போய் இரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார் டாக்டர். வைத்த மூட்டைக் கழற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. கால் போனாலும் பரவாயில்லை, ஆள் மிஞ்சினால் போதும் என்று அல்லாஹ்விடம் துஆக் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

அந்த மிஸ்ஸி வார்டுக்கு வந்தாள். முகத்தை அன்றுதான் கண்டேன். கட்டிலோரம் குனிந்து, நோவு இருக்கா வாப்பா என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. வாப்பா என் பக்கம் திரும்பவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நோகுது மகள். பொறுக்க ஏலாம நோகுது.”

என்னிடம் ஒரு தரமாவது அதைச் சொல்லியிருக்கலாம். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, எந்த இடத்தில், எப்போதிருந்து என்று மெதுவாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் வாப்பா உள்ளதைச் சொன்னார். அன்று அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்னர் உயிர் அடங்கி மௌத்தாகிவிட்டார்.