இருபது நொடிச் சண்டை

திருவொற்றியூரில் தண்ணீர் லாரிக்காக நாங்கள் வரிசையில் நின்றதில்லை; எங்கள் குடங்கள் நின்றன. விடியலில் குடத்தை வைத்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்புவோம். எவர் குடத்தையும் எவரும் நகர்த்தமாட்டார்கள்.

இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டிய ஒரு கோடையில், தண்ணீர்ப் பஞ்சத்தைப் படமெடுக்க ஒரு தொலைக்காட்சிக் குழு வந்தது. ஆளில்லாத வரிசையைக் கண்ட செய்தியாளரின் முகம் வாடிவிட்டது.

"சண்டை எப்போ ஆரம்பிக்கும் மேடம்?" என்று, தாமதமான ரயிலை விசாரிப்பவர் போல என்னிடம் கேட்டார்.

பள்ளி நூலகத்தில் பணியாற்றியவள் என்பதால் எனக்குப் பொறுமை அதிகம். குழாயில் காற்று மட்டும் வருவதையும், அடிபம்பு நீரில் எண்ணெய் வாடை அடிப்பதையும் பத்து நிமிடம் விளக்கினேன். முழுவதையும் பதிவு செய்துகொண்டார்கள்.

அதற்குள் லாரி வந்துவிட, எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்தாள். கணவனை இழந்தவள். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலைக்கு மறுவாரம் நேர்காணல். அவள் நம்பியிருந்தது அது ஒன்றைத்தான்.

"இன்னாடி ஆயாம்மா, வேல கெடைக்கறதுக்கு முன்னயே மவுசா? லாரி வந்து எவ்ளோ நேரம் ஆவுது!" என்றாள் அவள் தோழி.

"தோடா! வாய மூடுடி கஸ்மாலம். கொடத்தால ஒண்ணு வுட்டேன்னா மூஞ்சி பேந்துரும்!"

எதிர்வீட்டுக்காரி பிளாஸ்டிக் குடத்தை ஓங்கினாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் தெருவில் அதற்குக் காலை வணக்கம் என்று பெயர்.

மாலைச் செய்தியில் என் பத்து நிமிடங்களில் ஒரு நொடியும் இல்லை. அவள் குடத்தை ஓங்கும் இருபது நொடிகள் இருந்தன; சிரிப்பு தொடங்கும் இடத்தில் நேர்த்தியாக வெட்டியிருந்தார்கள். கீழே, "ஒரு குடத்துக்கு அடிதடி: கொந்தளிக்கும் வடசென்னை" என்று எழுத்துகள் ஓடின.

நேர்காணலுக்கு நானும் துணைக்குப் போனேன். பள்ளித் தாளாளர் அம்மையார் அவளைக் கண்டதும், "டிவில வந்தது நீங்கதானே?" என்றார்.

"அவ என் தோஸ்துமா. சும்மா வெளையாட்டுக்கு..."

அம்மையார் கனிவாகத் தலையசைத்தார். "குழந்தைங்ககிட்ட உங்கள விடறது சரியா வராதும்மா. ஆனா கேட்ல காவலுக்கு ஆள் வேணும். நீங்க நின்னு முறைச்சாலே போதும், ஒருத்தரும் உள்ள வரமாட்டாங்க."

மறுக்கும் நிலையில் அவள் இல்லை, ஒப்புக்கொண்டாள். திரும்பும் பேருந்து ராயபுரத்தைத் தாண்டியது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, கேட்ல நிக்கசொல்ல மொறைக்கணுமாமே. எனக்கு வர்லியே. இது சரியா கீதான்னு பாரு."

புருவத்தை நெரித்து, முன்னிருக்கையில் தாயின் தோள்மீது சாய்ந்திருந்த குழந்தையை முறைத்தாள். அது கெக்கலித்துச் சிரித்து, அவளிடம் வர இரண்டு கைகளையும் நீட்டியது.