கோழி பிழைத்தது எதனால்

விற்றவன் பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் கிரிவலப் பாதையோரம் துணி விரித்து உட்கார்ந்து, விஷக்கல் என்று கறுப்பாக ஒன்றை என் கணவர் தலையில் கட்டிவிட்டான். பாம்பு கடித்த இடத்தில் வைத்தால் ஒட்டிக்கொண்டு விஷத்தை உறிஞ்சிவிடுமாம். அவ்வளவு பெரிய மருந்தை வைத்திருப்பவன் எதற்கு ரோட்டில் உட்கார்ந்து கூவ வேண்டும் என்று கேட்டேன். என் கேள்விகள் அவருக்கு என்றைக்குத்தான் பிடித்திருக்கின்றன?

கொஞ்ச நாளில், கொல்லையில் அடுக்கியிருந்த தென்னை மட்டைகளைக் கிளறிய எங்கள் பெட்டைக் கோழியை நல்ல பாம்பு கொத்திவிட்டது. தொடை வீங்கிச் சாய்ந்துவிட்டது. அவர் ஓடிவந்து கல்லை வைத்தார். ஒட்டியது, இல்லை என்று சொல்லவில்லை. ஈர ரத்தத்தில் எதுதான் ஒட்டாது? அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் கோழியைக் கூடையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் இறகை விலக்கிக் கழுவி, வீக்கத்துக்கு ஊசி போட்டார். கீறாதீர்கள், கட்டாதீர்கள், நிழலில் வைத்துத் தண்ணீர் காட்டுங்கள் என்றார். பாம்பு ஒவ்வொரு முறையும் முழு விஷத்தை இறக்குவதில்லை, இதற்குக் கொஞ்சம்தான் இறங்கியிருக்கும் போல என்றும் சொன்னார். எனக்கு அந்த ஊசி மேலேயும் முழு நம்பிக்கை வரவில்லை.

கோழி பிழைத்து, நொண்டி நொண்டி மேய ஆரம்பித்தது. என் கணவர் தெருவெல்லாம் கல்லின் புகழ் பாடினார். பார்க்க வந்தவர்களிடம் நான் ஊசியைப் பற்றிச் சொன்னேன். ஒருவர் காதிலும் ஏறவில்லை. நாளைக்கு மனுஷரைப் பாம்பு கடித்தாலும் இந்தக் கல்லைத் தேடித்தான் வருவார்கள் என்று பயந்தேன்.

பயந்தபடியே நடந்தது. ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். விறகு எடுக்கப்போன அவர் மனைவியின் கையில் பாம்பு கடித்துவிட்டதாம்.

"கோழியே பொழச்சிடுச்சேக்கா. அந்தக் கல்லக் குடுங்க."

கல் சாமி மாடத்தில்தான் இருந்தது. விளக்கம் சொல்ல நேரமில்லை.

"அந்தக் கோழி காலையிலயே செத்துப்போச்சு. கல்லு வேலை செய்யல. ஆட்டோவக் கூப்பிடு, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

என் கணவர் வாயைத் திறந்தார். நான் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார். அதே நேரம் பார்த்து, கவிழ்த்த கூடைக்குள்ளிருந்து கோழி கொக்கரித்தது. பக்கத்து வீட்டுக்காரர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானே தெருமுனைக்கு ஓடி ஆட்டோவைக் கூட்டிவந்து அவளை ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அவள் நல்லபடியாக வீடு திரும்பினாள்.

நான் பொறாமையில் கல்லை ஒளித்துவைத்தேன், அவள் செத்துப்போகட்டும் என்று நினைத்தேன் என்றுதான் பக்கத்து வீட்டுக்காரர் இன்றைக்கும் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவளும் அதை நம்பிவிட்டாள். கடிபட்ட அந்தக் கையால் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் வாசலைக் கடந்து போகிறாள். எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் தினமும் அந்த நேரத்துக்கு வாசலில் நின்று, அவள் போவதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறேன்.