கரையில் நிற்கும் படகு

எங்கள் விசைப்படகுச் சங்கத்தின் கணினியில் ஒரு படகின் பெயருக்கு எதிரே பச்சை எழுத்தில் 'கரையில்' என்று இருக்கும். அந்தப் படகு கரையில் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லைத் திருத்த, பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் நான் யாரையும் விடமாட்டேன்.

அன்று காலை காரைக்காலில் நல்ல வெயில். கடலுக்குப் போகும் படகுகளைக் கணினியில் பதிந்து, செயலாளர் அனுமதி டோக்கன் கொடுத்து முடித்திருந்தார். அவர் மகனும் தன் படகில் போயிருந்தான். படகுப் பதிவுகள் இருக்கும் பழைய சர்வர் மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதை நிறுவ வந்த ஆள், "அஞ்சு நிமிச வேலைதான்க்கா" என்றான். பாதியில் கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்தபோது பழையதும் திறக்கவில்லை, புதியதும் ஏறவில்லை. அரைவேக்காட்டுச் சோறு மாதிரி கிடந்தது. மறுபடி நிறுவப் போனால், ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று மறுத்தது சனியன்.

மதியத்துக்கு மேல் வானம் கறுத்தது. புயல் எச்சரிக்கை வந்தது. யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்ற விவரமெல்லாம் அந்தக் கணினிப் பெட்டிக்குள். செயலாளர் நினைவுக்கு வந்த படகுகளையெல்லாம் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சிலர் பதில் சொன்னார்கள். மகன் சொல்லவில்லை. வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள்.

அந்த ஆள் அரைகுறையாய்க் கிடந்ததை முழுக்கத் துடைத்து, சர்வரை மறுபடி நிறுவி, முந்தைய மாலை எடுத்து வைத்திருந்த நகலை ஏற்றினான். திரை திறந்தது. எல்லாப் படகும் பச்சை, எல்லாம் கரையில். காலையில் கொடுத்த டோக்கன் ஒன்றுகூட அந்த நகலில் இல்லை.

எட்டிப் பார்த்த ஒருத்தி, "எல்லாரும் வந்துட்டாங்களாக்கா?" என்றாள். அந்தப் பச்சையை அவ்வளவு வெறுத்தேன்.

செயலாளர், தன் மகன் படகின் வரியில் விரலை வைத்தார். "இது தப்பாத்தானே காட்டுது, தங்கச்சி?"

இல்லை என்று நான் சொல்லிவிடமாட்டேனா என்று என் முகத்தையே பார்த்தார்.

"ஆமாண்ணே" என்றேன்.

மற்ற படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. புயல் ஓய்ந்தபின் விட்டுப்போன பதிவுகளைச் சேர்த்தேன். போனது, வந்தது, போனது, வந்தது. மகன் படகுக்குப் போனதை மட்டும்தான் போட வேண்டும். செயலாளர் என் கையைத் தடுத்தார். "அதுல கை வைக்காதம்மா. கரையிலேயே நிக்கட்டும்."

இப்போது அவர் அலுவலகத்துக்கு வருவதில்லை. போன வாரம் சர்வரை மறுபடி மாற்றினோம். முடிந்ததும் முதலில் அந்த வரியைத்தான் தேடினேன். ஜன்னலுக்கு வெளியே, அரசலாற்றில் அந்தப் படகு முன்பு நின்ற இடத்தில் வேறொன்றைக் கட்டியிருந்தார்கள். செயலாளருக்குப் போன் போட்டேன். சர்வரை மாற்றுகிறோம் என்று அவரிடம் யார் சொன்னார்களோ, எடுத்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"இருக்கானா?"

"கரையிலதாண்ணே இருக்கான்" என்றேன்.