டிக்கெட் கையிலிருந்தால் சொல்லும் வசனம்

சுபோதினி யாரென்றால், கொக்குவிலிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து குடியேறிய நாகேந்திரத்தின் இளையவள். தாய் சிவமணி கண்ணை மூடிப் பதினொரு வருடம். தமையன் உமாசுதன் டொரொண்டோவில். தகப்பனுக்குப் பாரிசவாதம். நாலாம் மாடி வீட்டில் அவரும் அவளும்தான்.

நாற்பத்திரண்டு வயதில் அவளுக்குச் சைப்ரஸில் ஒரு கிழவியைப் பராமரிக்கும் வேலை வாய்த்தது. புறப்படும் திகதியை வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் இடம் வேறொருத்திக்கு என்று கொள்ளுப்பிட்டி ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். தமையன் வந்து தகப்பனைப் பொறுப்பெடுத்தால்தான் அவளுக்குத் திகதி.

வேலைக்கு இங்கிலீஷ் வேண்டுமே என்று, பக்கத்து வீட்டு ரஜனியைத் தகப்பனோடு இருத்திவிட்டு, கொட்டாஞ்சேனை மாக்ரெட் மிஸ்ஸின் வகுப்புக்குப் போய்வந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை மிஸ் எதிர்காலம் படிப்பித்தார். தமிழில் ‘வருவேன்’ என்றால் முடிந்தது. இங்கிலீஷில் அதற்கு மூன்று வாசலாம்.

“வில் எண்டா அந்த நேரம் வாயில வந்தது. கோயிங் டு எண்டா கண்ணுக்கு முன்னால தெரியிறது. முகில் கறுத்திட்டுது, மழை வரப்போகுது. ஐ ஆம் லீவிங் எண்டா திகதி குறிச்சாச்சு, டிக்கெட் கையில.”

டோஹாவுக்குப் போகவிருந்த ரிப்கான் விடவில்லை. “டிக்கெட் கையில இருந்தாலும் இன்ஷா அல்லாஹ்தான் மிஸ். பிளேன் என்ன, எங்கட வாப்பாட சொத்தா?”

வகுப்பே சிரித்தது. சுபோதினிக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வருடமாகத் தமையன் சொல்லிவந்த ‘ஐ வில் கம்’ காதுக்குள் நின்றது.

அன்று பின்னேரம் அவன் போன் எடுத்தான்.

“யோசிக்காதை தங்கச்சி. ஐ வில் கம். கட்டாயம்.”

“ஐ ஆம் கமிங் எண்டு திகதியோட ஒருக்காச் சொல்லுங்கோ அண்ணா.”

“உனக்கென்ன விசரே? ரெண்டும் ஒண்டுதானே!”

“ஒண்டில்லை அண்ணா.”

“பிள்ளையளின்ரை பள்ளிக்கூடம் இருக்கு, எனக்கும் லீவு எடுக்கேலாது... பாப்பம். ஐ வில் கோல் யூ.”

வைத்துவிட்டான். அதுவும் வில்தான்.

நாகேந்திரம் கதிரையைப் பிடித்து எழும்பினார். இடது கால் இழுபட்டது, உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. ‘கோயிங் டு ஃபோல்’, விழப்போகிறார் என்று அவள் மனம் பிழையில்லாமல் சொன்னது. ஓடிப்போய்த் தாங்கினாள்.

“கொண்ணன் என்னவாம் பிள்ளை?”

“வருவாராம் அப்பா.”

“ஓம், வருவான் வருவான்,” என்று அவள் தோளில் சாய்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலைவரை போன் வரவில்லை. வகுப்பில் ஆளுக்கொரு வசனம். மூன்றாந்திகதி புறப்படுவதாக ரிப்கான் முழங்கிவிட்டுக் கதிரையில் இருந்தான். சுபோதினி எழும்பினாள்.

“ஐ ஆம்...” லீவிங்கை விட்டுவிட்டாள். “ஐ ஆம் ஸ்டேயிங்.”

“வசனம் சரி. திகதி?” என்றார் மாக்ரெட்.

“இல்லை மிஸ்.”

வகுப்பு முடிய வாசலில் நின்று ஏஜென்சிக்குப் போன் எடுத்து, போகமுடியாது என்றாள். “சரி அக்கா, வேற வேலை வந்தாச் சொல்லுவம்,” என்றாள் அங்கிருந்த பெட்டை.

அந்தச் ‘சொல்லுவம்’ எந்த வாசல் என்று இப்போது அவளுக்குத் தெரியும். தகப்பனுக்குப் பகல் குளிசை கொடுக்க நேரமாகிவிட்டது. பஸ்ஸுக்கு நடந்தாள்.