பஞ்சக்காவின் கரும்பழுப்பு டப்பா

எங்கள் மேக்கப் அறையில் எல்லாருக்கும் அவர் பஞ்சக்கா. கையில் பஞ்சு இல்லாமல் அவரைப் பார்க்கவே முடியாது. வாயும் சும்மா இருக்காது. கதையில் கறுப்பான பெண் வந்தால், சிவப்பான நடிகையைக் கூட்டிவந்து அவர் முன்னால் உட்காரவைப்பார்கள். "ஊர்ல கறுப்பா ஒரு பொண்ணுகூடவா கிடைக்கல?" என்று திட்டிக்கொண்டே, அக்கா கரும்பழுப்புப் பூச்சு டப்பாவைத் திறப்பார்.

குழந்தைகள் கொண்டாடிய ஒரு கார்ட்டூன் தொடரைப் படமாக எடுத்தார்கள். அதன் நாயகி நல்ல கறுப்பு. அந்த வேடத்துக்காக முதல் நாள் வந்து உட்கார்ந்த புதுப்பெண்ணைச் சரியாகப் பார்க்காமல், அக்கா பழக்கதோஷத்தில் அதே டப்பாவை எடுத்துக் கன்னத்தில் தடவினார். தடவிய இடமே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் அப்பினார். அப்போதும் தெரியவில்லை.

"அக்கா, என் கலரே அதுதானே?" என்றாள் அந்தப் பெண்.

அக்கா அப்போதுதான் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். "அடிப்பாவி, முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று பஞ்சை நனைத்துக் கன்னத்தைத் துடைத்துவிட்டார். பக்கத்தில் இன்னொரு நடிகைக்கு முடி சீவிக்கொண்டிருந்த நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வெளியிலிருந்து உதவி இயக்குநர், அவரும் பழக்கதோஷத்தில், குரல் கொடுத்தார்: "அக்கா, கறுப்பாக்கியாச்சா?"

"அதை இவங்கம்மாவே முடிச்சு அனுப்பிட்டாங்கப்பா. நீ போய் கேமராவை வை!"