உப்புத் தண்ணீரும் பேனல் போர்டும்

சேஃப்டி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெருமை பேச அல்ல. என் வாயால் ஒரு பெண்ணின் உயிர் போகப் பார்த்தது, அதைச் சொல்லத்தான்.

சவுதியில் பன்னிரண்டு வருடம், வெல்டிங் நடக்கும் இடத்தில் தீப்பிடிக்காமல் காவல் நிற்கும் ஃபயர் வாட்ச்சராக இருந்துவிட்டு மரக்காணம் திரும்பினேன். உப்பை அரைத்துப் பாக்கெட் போடும் ஒரு கம்பெனியில் சேஃப்டி சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. எலக்ட்ரிக்கல் வேலையும் என் தலையில்தான். பேக்கிங்கில் பதினாலு பெண்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி பக்கத்து ஊர் அனுமந்தையிலிருந்து வரும் பச்சையம்மா. அவர் வாயைத் திறந்தால் கிரஷர் சத்தமே தோற்றுவிடும். ஆனால் யாருக்காவது காய்ச்சல் என்றால் அவர்கள் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார். எனக்கு முதல் நாளே அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சேர்ந்த வாரமே ஃபயர் ட்ரில் வைத்தேன். வாசலில் பழைய சாக்கைக் கொளுத்திவிட்டு, விளக்கம் சொல்லத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் பச்சையம்மா பக்கத்து உப்பள வாய்க்காலில் இருந்து ஒரு பக்கெட் உப்புத் தண்ணீரை மொண்டு வந்து வீசி, தீயை அணைத்தே விட்டார்.

"இன்னா பாய், இதுக்குப் போயி ஒரு மணி நேரம் பேசணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அப்படித்தான்! நெருப்பப் பாத்தா யோசிக்காதீங்க, ஊத்துங்க!" என்று கைதட்டினேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

சில மாதம் கழித்து, ஒரு சித்திரை மதியம். கிரஷர் ஷெட்டுக்குள், மெஷினுக்குக் கரன்ட் கொடுக்கும் பேனல் போர்டு பற்றிக்கொண்டது. உப்புக் காற்றில் ஒயர் முடுக்கும் டெர்மினல் அரித்து லூஸாகியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. கூச்சல் கேட்டு ஓடினேன். போர்டுக்கு நேர் எதிரே பச்சையம்மா, வெறுங்காலோடு, பக்கெட்டை ஓங்கியபடி நிற்கிறார். போர்டில் கரன்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கெட்டில் இருப்பதோ உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரைவிட அது கரன்டைச் சுலபமாகக் கடத்தும். வீசினால் அந்தத் தண்ணீர் வழியாகவே கரன்ட் அவர் மேல் பாய்ந்துவிடும்.

"ஊத்தாத!" என்று கத்தினேன். கிரஷர் சத்தத்தில் காதில் விழவில்லை. யா அல்லாஹ் என்று பாய்ந்து, பக்கவாட்டில் ஒரே தள்ளு. பக்கெட் வாசல் பக்கம் பறந்தது, அவர் உப்பு மூட்டை மேல் போய் விழுந்தார். நான் பின்சுவருக்கு ஓடி மெயின் ஸ்விட்சை இறக்கினேன். அப்புறம் தீயணைக்கும் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டரை எடுத்துத் தீ மேல் அடித்தேன். தீ அடங்கியது.

எழுந்து வந்தவர் என் சட்டையைப் பிடித்தார். "ஊத்தச் சொன்னது நீதான பாய்? ஊத்தப் போனா மாட்டத் தள்ற மாரி தள்ற?"

"என் தப்புதான் பச்சையம்மா. கரன்டு நெருப்புக்குத் தண்ணி ஊத்தவே கூடாது. மொதல்ல மெயின ஆஃப் பண்ணணும். அத நான் சொல்லிக் குடுக்கல. நீ செத்திருப்ப" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் சட்டையை விட்டார். "சரி வுடு. அதான் சாவலையே."

மறுநாள் கிரஷர் ஓடவில்லை. மறுபடி ட்ரில் வைத்தேன். இந்த முறை தீயே மூட்டவில்லை. "பேனல்ல புகை! மெயின ஆஃப் பண்ணு!" என்று மட்டும் கத்தினேன். பச்சையம்மா பின்சுவருக்கு ஓடினார். கையை நீட்டினார். எம்பினார். குதித்தும் பார்த்தார். ஸ்விட்ச் எட்டவில்லை. நான் ஆறடி. நான் சேர்ந்த பிறகு அதை அந்த உயரத்தில் மாட்டியவனும் நான்தான்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பினார். "நீ சொல்லிக் குடுத்திருந்தாலும், நேத்து நான் இன்னா பாய் பண்ணியிருப்பேன்?"

ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு சுவரிடம் போனேன். "கைய நீட்டு, கோடு போட்டுக்கிறேன். அங்க எறக்கி மாட்டிடறேன்."

அவர் நகர்ந்துகொண்டார். "என்ன வச்சு அளக்காத பாய். எங்கள்லயே குள்ளம் செல்விதான். அவள நிறுத்து."

செல்வி வெட்கப்பட்டுக்கொண்டே வந்து நின்றாள். அவள் கை சிரமமில்லாமல் போன இடத்தில் கோடு போட்டேன்.

நீங்கள் ஒரு கம்பெனியில் சேர்ந்ததும் சிலிண்டர் எத்தனை என்று எண்ணுவீர்கள். எண்ணுங்கள். ஆனால் அதற்கு முன்னால், அங்கே ரொம்பக் குள்ளம் யார் என்று கேளுங்கள்.