காது மெக்கானிக் விற்ற கார்புரேட்டர்கள்

எங்கள் பட்டறையில் அவரைக் காது மெக்கானிக் என்போம். நீளமான ஸ்குரூடிரைவரை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் போதும், உள்ளே என்ன கோளாறென்று புட்டுப் புட்டு வைப்பார். லேத் வேலைக்காரனான எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

பழைய கார் ஒன்றைப் பந்தய வண்டியாக்க ஆறு வருடம் சாமான் சேர்த்தார். பிஸ்டன்கள், கேம்ஷாஃப்ட், இரட்டைக் கார்புரேட்டர். எதையும் மாட்டாமலே, "ஆசை விட்டுப்போச்சு" என்று விற்கக் கிளம்பிவிட்டார்.

மச்சினனுக்கு வேலை போனதுதான் காரணம் என்று நினைத்தோம். அவர் மனைவியின் தம்பி அவன், எங்களோடு வேலை பார்த்தவன். போன வருடம் அவன் பூட்டிய டாக்சி எஞ்சின் நடுவழியில் உடைந்தது. "ஏதோ தட்டுதுன்னு மாமாகிட்ட சொன்னேனே!" என்று கதறினான். முதலாளி இவரைப் பார்த்தார். "எனக்கு எதுவும் கேட்கலையே" என்றார் இவர். காதே சொன்ன பிறகு மேல்முறையீடு ஏது? அவனை அன்றே வெளியேற்றினார்கள். நானும் அவனைத்தான் திட்டினேன்.

பெட்டி தூக்க நானும் போயிருந்த அன்று, சாமான் வாங்க டிரைவிங் ஸ்கூல் நடத்தும் பெண் ஒருத்தி அவர் வீட்டுக்கு வந்தாள். சாமான்களைச் சுற்றியிருந்த பிரிக்காத எண்ணெய்க் காகிதத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் பிடித்துவிட்டது.

"ஒரே கண்டிஷன் அண்ணே. கார்புரேட்டர் ரெண்டையும் நீங்களே காதால கேட்டு ட்யூன் பண்ணித் தரணும்."

அவர் பெட்டியை மூடினார். "வேற ஆளைப் பாரும்மா. எனக்குச் சன்னமான சத்தம் கேட்கிறதில்ல. ரெண்டு வருஷமாச்சு."

தண்ணீர் கொண்டுவந்த மனைவி அப்படியே நின்றார்.

"ரெண்டு வருஷமா? அப்ப அந்த டாக்சி?"

அவர் பெட்டிக்குக் கயிறு கட்டத் தொடங்கினார்.

"என் தம்பி சொன்னது நெஜமா?"

"ஆமா."

அந்தப் பெண் பேரம் பேசாமல் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனாள். அவர் நீட்டிய பணத்தை மனைவி தொடவில்லை. "அவன்கிட்ட போய் உங்க வாயால சொல்லுங்க" என்றார்.

தனியாகப் போக அவருக்குத் தைரியமில்லை. திட்டிய பாவம் எனக்கும் இருந்ததால் கூடவே போனேன். மச்சினன் வாசற்படியில் நின்றே எல்லாவற்றையும் கேட்டான். பிறகு தரையைப் பார்த்தபடி மெல்ல ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றான்?" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

அவன் மெல்லச் சொன்னதை நான் தெருவே கேட்கும்படி கத்த வேண்டியிருந்தது.

"காது கேட்கலன்னு அன்னிக்கு எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா, பழியை நானே ஏத்துக்கிட்டிருப்பேனேங்கிறான்!"